ஐந்து வருடம் கத்தரி படாத மேப்பிள்: எதை எப்போது வெட்டுவது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போனபோது தன் இரண்டு போன்சாய் மரங்களை என்னிடம் ஒப்படைத்தார். உடல்நிலை காரணமாக ஐந்து வருடமாக அவற்றை அவரால் கவனிக்க முடியவில்லை. ஒன்று ஜப்பானிய மேப்பிள். 55 செ.மீ. உயரம், அடிமரம் 6 செ.மீ. தடிமன். வசந்தத்தில் இலை செக்கச்செவேலென்று வந்து கோடையில் பச்சையாகிவிடுகிறது. உச்சியில் குச்சிகள் அடர்ந்து கிடக்கின்றன. கீழ்க்கிளைகள் மெலிந்து, சில காய்ந்துவிட்டன. காய்ந்த குச்சிகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். தண்ணீர் ஊற்றினால் மேலேயே தேங்குகிறது. அடியிலிருந்து ஒரு குச்சி மட்டும் எப்போதும் பச்சை இலையோடு நேராகக் கிளம்பியிருக்கிறது. இன்னொன்று டிரைடன்ட் மேப்பிள். தொட்டி வெடித்து வேர் தரைக்குள் இறங்கிவிட்டது. கிளைகள் ஒன்றரை மீட்டர் நீளம். பெரியவர் தந்த பழைய படம் இருக்கிறது. அந்த வடிவத்துக்கு இந்த மாதமே இரண்டையும் வெட்டிவிடலாமா? ஊரில் முருங்கையை மொட்டையாக வெட்டினாலும் தழைக்கிறதே! என்ன மண் போடுவது? குளிருக்கு வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டுமா?

பதில்: பிப்ரவரி நடுவில் எழுதியிருக்கிறீர்கள். மொட்டுகள் இன்னும் உறங்கும் நேரம் என்பதால் திட்டமிட அவகாசம் இருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டு மரங்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. டிரைடன்ட் மேப்பிளுக்கு மார்ச்சில் வேரையும் கிளையையும் ஒரே நாளில் வெட்டலாம். ஜப்பானிய மேப்பிளில் இப்போது உயிருள்ள கிளை எதிலும் கத்தரி வைக்க வேண்டாம். அதற்கு மார்ச்சில் வேர் வேலை மட்டும். கிளை வேலை ஜூனில், அதுவும் மரம் தேறியிருந்தால்தான்.

முருங்கையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. முருங்கை எங்கே வெட்டினாலும் பட்டைக்கு அடியிலிருந்து புதுத் தளிர் விடும். டிரைடன்டும் கிட்டத்தட்ட அந்தச் சாதிதான். பழைய கட்டையிலும், வெட்டுவாயின் விளிம்பிலும்கூடத் துளிர்க்கும். ஜப்பானிய மேப்பிள் அப்படியல்ல. அதன் உறங்கும் மொட்டுகள் பெரும்பாலும் கணுக்களில்தான் இருக்கின்றன. கிளையைச் சுற்றி மெல்லிய வளையம்போல் தெரிவதுதான் கணு. இரண்டு கணுக்களுக்கு நடுவே வெட்டினால், வெட்டிய இடத்திலிருந்து கீழே உள்ள கணுவரை கட்டை காய்ந்துவிடும். அந்தக் கணுவிலும் உயிர் இல்லையென்றால் காய்வது அதற்கும் கீழே போகும். சில வேளை அடிமரம்வரை வந்துவிடும். கவனிப்பில்லாமல் கிடந்த ஜப்பானிய மேப்பிளைப் புதிதாக வாங்கியவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

அடுத்து அந்தப் பழைய படம். ஐந்து வருடத்தில் மரம் வெறுமனே பெரிதாகவில்லை, அதற்குள் பலம் இடம் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகிக் கீழ்நோக்கி இறங்கி, பக்க மொட்டுகள் விழிக்காமல் தடுக்கிறது. வெளிச்சம் முதலில் கிடைப்பதும் உச்சிக்குத்தான். நுனி கிள்ளாமல் விட்ட மரத்தில் உச்சி தடித்து, அதன் நிழலில் கீழ்க்கிளைகளும் உள்கிளைகளும் பட்டினி கிடந்து காய்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது அதே நிலைதான். இப்போது படத்தைப் பார்த்து எல்லாக் கிளைகளையும் ஒரே அளவுக்கு வெட்டினால், தெம்புள்ள உச்சி முதலில் துளிர்த்து மறுபடி நிழல் போடும். தெம்பில்லாத கீழ்க்கிளை அந்த வெட்டோடு செத்துப்போகும். படத்தை எறிந்துவிட வேண்டாம். மரத்தின் முகப்பு எது, அடிமரம் எந்தப் பக்கம் வளைகிறது, தொட்டியில் எந்தச் சாய்வில் நின்றது என்ற மூன்றையும் அதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த வருடத்துக்கு அது போதும்.

வெட்டும் முன் மரத்திடம் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு குச்சியின் நுனியிலிருந்து கீழ்நோக்கி விரலால் தடவி வாருங்கள். நெருக்கமான சிறு வரிகள் சில சேர்ந்த வளையம் ஒன்று தட்டுப்படும். போன வசந்தத்தில் மொட்டுச் செதில்கள் உதிர்ந்த தழும்பு அது. அங்கிருந்து நுனிவரை உள்ளதுதான் போன வருட வளர்ச்சி. உச்சியில் அது 20, 30 செ.மீ. இருந்தால் மரம் தெம்பாக இருக்கிறது. எல்லா இடத்திலும் 2, 3 செ.மீ. தான் என்றால் மரம் நலிந்திருக்கிறது. அப்படியானால் இந்த வருடம் முழுக்க உயிருள்ள கிளையில் ஒரு வெட்டும் கிடையாது. கீழ்க்கிளைகளில் எது உயிரோடு இருக்கிறது என்று தெரிய, நகத்தால் பட்டையை மிக லேசாகச் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இல்லை. நுனியில் காய்ந்து அடியில் பச்சையாக இருப்பதும் உண்டு, அதனால் அடிவரை இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

ஆரஞ்சுப் புள்ளிகள், குண்டூசித் தலை அளவில் மேடாக இருந்தால், 'கோரல் ஸ்பாட்' எனப்படும் பூஞ்சை. நெக்ட்ரியா சின்னபாரினா என்பது அதன் பெயர். முதலில் செத்த கட்டையில்தான் குடியேறும். பிறகு நலிந்த மரத்தில் உயிருள்ள பகுதிக்கும் இறங்கும். மேப்பிளுக்கு இது அடிக்கடி வரும். மழையில்லாத ஒரு நாளில் காய்ந்த குச்சிகளை வெட்டி எடுங்கள். உயிருள்ள இடத்துக்கு ஒரு செ.மீ. முன்பே, செத்த பகுதிக்குள்ளேயே வெட்டு நிற்கட்டும். மிச்சத்தை ஜூனில் நல்ல கட்டைவரை எடுத்துவிடலாம். வெட்டியவற்றை உரக்குழியில் போடாமல் குப்பையில் கட்டிப் போடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். வெட்டுவாயில் கட்டைக்குள் பழுப்பு அல்லது கரும்பச்சைக் கோடுகள் தெரிந்தால் அது வெர்டிசிலியம் வாடல் நோயாக இருக்கக்கூடும். மண்ணில் வாழும் பூஞ்சை அது, மருந்து கிடையாது. அப்படித் தெரிந்தால் அந்த மரத்தையும் அதற்குப் பயன்பட்ட கருவிகளையும் டிரைடன்ட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உயிருள்ள கிளையை இப்போது ஏன் வெட்டக் கூடாது? குளிர் முடியும் காலத்தில் மேப்பிளுக்குள் சாறு மேலே ஏறத் தொடங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச்வரை வெட்டினால் வெட்டுவாய் நாள்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். தெம்புள்ள மரம் அதனால் சாகாது. ஆனால் ஈரம் காயாத காயத்தில் அதை மூடப் பூசும் பசை ஒட்டாது, பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைய வழி கிடைக்கும், அங்கிருந்து கிளை கறுத்துக் காய்ந்துகொண்டே வரும். ஏற்கெனவே பூஞ்சை இருக்கும் மரத்தில் இந்தச் சோதனை தேவையில்லை.

அடியிலிருந்து கிளம்பியிருக்கும் பச்சை இலைக் குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தத்தில் செந்நிறமாக வந்து கோடையில் பச்சையாகும் மேப்பிள் என்றால் பெரும்பாலும் தேஷோஜோ போன்ற வகை. இவற்றைச் சாதாரணப் பச்சை மேப்பிள் நாற்றின்மேல் ஒட்டுக்கட்டி விற்பது வழக்கம். உங்கள் குச்சி அந்த அடிக்கட்டையிலிருந்து வருகிறது. மேலே உள்ள வகையைவிட அதற்கு வேகம் அதிகம். விட்டுவைத்தால் நாலைந்து வருடத்தில் மரத்தையே எடுத்துக்கொள்ளும். கோடையில் எல்லா இலையும் பச்சையாகிவிடுவதால் குழம்ப வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் இலை விரியும்போதே அதில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். ஜூனில் அடியோடு எடுக்க வேண்டிய முதல் கிளை அதுதான்.

இனி மார்ச் வேலை. தண்ணீர் மேலேயே தேங்குகிறது என்று நீங்கள் எழுதிய வரிதான் கடிதத்திலேயே முக்கியமானது. தொட்டி முழுக்க வேர் இறுகி, பழைய மண் பொடிந்து சேறாகி, காற்று போக இடமில்லாமல் இருக்கிறது. கிளை காய்வதற்கு நிழல் பாதிக் காரணம், இது மீதிப் பாதி. மொட்டுகள் பருத்து, செதில்கள் சற்று விலகி, ஆனால் இலை விரியாத நிலையில் தொட்டி மாற்ற வேண்டும். லண்டனில் அது பெரும்பாலும் மார்ச் இரண்டாம், மூன்றாம் வாரம். தேதியை நம்பாமல் மொட்டைப் பாருங்கள். இலை விரிந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

முதலில் தொட்டியின் உள்சுவரை ஒட்டி ஒரு பழைய ரம்பக் கத்தியைச் சுற்றிலும் விடுங்கள். அடியில் கட்டுக்கம்பி இருந்தால் வெட்டுங்கள். அடிமரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், வேர்க்கட்டியோடு சேர்த்துத் தூக்குங்கள். வெளியே வந்ததும் அடியில் பாய்போல் பின்னியிருக்கும் வேரை, மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, ரம்பத்தால் மட்டமாக அறுத்து எடுங்கள். பக்கங்களில் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு வேர்க் கொக்கியால் வெளிப்புறமாகக் கோதி, தொங்கும் நுனிகளை வெட்டுங்கள். பிறகு பலரும் செய்யாமல் விடும் ஒரு வேலை: மிஞ்சிய கட்டியில் மூன்று இடத்தில், வெளியிலிருந்து அடிமரத்தை நோக்கிக் ஆப்பு வடிவத் துண்டுகளாகப் பழைய மண்ணையும் வேரையும் வெட்டி எடுத்து, அந்த இடங்களைப் புது மண்ணால் நிரப்புங்கள். இதைச் செய்யாவிட்டால், ஊற்றும் நீர் சுற்றிலும் உள்ள புது மண் வழியே ஓடிவிடும். நடுவில் உள்ள பழைய கட்டி ஒன்று நனையாமலே கிடக்கும், இல்லை சேறாகவே கிடக்கும். நடுக் கட்டியை இந்த முறை முழுவதும் கழுவி எடுக்க வேண்டாம். நலிந்த மரத்துக்கு அது அதிகம். இரண்டு வருடம் கழித்து அடுத்த தொட்டி மாற்றத்தில் மிச்சத்தை எடுக்கலாம்.

வேரைப் பிரிக்கும்போது மண்ணுக்குள் பழுப்புத் தலையோடு, வெண்மையாக, அரைவட்டமாகச் சுருண்ட கால் இல்லாத புழுக்கள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வைன் வீவில் என்ற வண்டின் புழு அது. பிரிட்டனில் தொட்டிச் செடிகளின் வேரைத் தின்று தீர்ப்பது இதுதான். கோடையில் இலை விளிம்பில் அரைவட்டக் கடி தெரிந்தால் வண்டு இருக்கிறது என்று பொருள். கண்டால் பொறுக்கி எடுத்துவிட்டு, ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர்வரை ஸ்டீனர்நீமா க்ரௌசெய் என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றுங்கள். மண் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் வேலை செய்யும்.

மண் என்று கேட்டிருக்கிறீர்கள். தோட்டமண்ணும் வேண்டாம், பையில் விற்கும் கம்போஸ்ட்டும் வேண்டாம். ஆழமில்லாத தொட்டியில் நுண்ணிய மண் எப்போதும் அடியில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேர் மூச்சுத்திணறும். அகடாமா என்ற ஜப்பானியக் களிமண் மணி இரண்டு பங்கு, பியூமிஸ் என்ற நுரைக்கல் ஒரு பங்கு, எரிமலைக் கல் ஒரு பங்கு. மூன்றும் 3 முதல் 6 மில்லிமீட்டர் மணிகளாக இருக்க வேண்டும். முக்கியமானது கலவையின் விகிதத்தைவிடச் சல்லடை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள தூசி எல்லாவற்றையும் சலித்து எறிந்துவிடுங்கள். அகடாமா விலை கட்டுப்படியாகாவிட்டால், சுட்ட டயட்டமைட் மணிகளைப் பாதிவரை சேர்க்கலாம். பூனையின் கழிவுத் தொட்டியில் போட விற்கும் சில வகைகள் இதே பொருள்தான். வாங்கியதும் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, கரையாமல் நின்றால் மட்டும் பயன்படுத்துங்கள். வாசனை சேர்த்ததும் நனைந்தால் கட்டியாகும் வகையும் ஆகாது.

பழைய தொட்டியைவிட இரண்டு மூன்று செ.மீ. அகலமும் ஆழமும் கூடுதலான தொட்டியோ மரப்பெட்டியோ இப்போதைக்கு நல்லது. அழகுத் தொட்டி பிறகு. துளைமேல் வலை, அதன்மேல் மண், மரத்தை வைத்து, துளை வழியே வரும் 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியால் வேர்க்கட்டியை அசையாமல் கட்டுங்கள். காற்றில் மரம் ஆடினால் புதிதாக விடும் மயிர்வேர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுந்துபோகும். மூங்கில் சாப்ஸ்டிக்கால் மண்ணை வேர்களுக்கிடையே இறக்குங்கள், குத்தி இடிக்க வேண்டாம். அடியில் வரும் நீர் தெளியும்வரை நீர் விடுங்கள். பிறகு காற்றும் உறைபனியும் படாத இடத்தில் வையுங்கள். முதல் ஆறு வாரம் உரம் கிடையாது.

ஜூன் முதல் வாரம் வந்ததும் மறுபடி அளவெடுக்க வேண்டும். இலைகள் விரிந்து, தொட்டால் மெத்தென்று இல்லாமல் சற்று விறைப்பாகியிருக்கும். ஒவ்வொரு மொட்டிலிருந்தும் ஒரு சோடி இலை மட்டும் வந்து நின்றுவிட்டது என்றால் கத்தரியைத் திருப்பி உள்ளே வையுங்கள். இந்த வருடம் நீரும் உரமும் மட்டும். உச்சியில் 15, 20 செ.மீ. புதுத் தளிர் ஓடியிருந்தால் தொடங்கலாம். மரம் முழுவதும் உள்ள இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். அதை முழுக்க முழுக்க மேல் பாதியிலிருந்தே எடுங்கள். நூல் கட்டிய பச்சைக் குச்சியைத் தவிர, கீழ்ப் பாதியில் ஒரு இலையைக்கூடத் தொட வேண்டாம். மெலிந்த கீழ்க்கிளையின் நுனி 30, 40 செ.மீ. நீண்டு அசிங்கமாக நின்றாலும் நிற்கட்டும். அந்த நீளம்தான் அந்தக் கிளையைத் தடிக்க வைக்கும்.

மேல் பாதியில் எங்கே தொடங்குவது? ஒரே கணுவில் ஐந்தாறு குச்சிகள் கொத்தாகக் கிளம்பியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். அவைதான் அவசரம். அப்படியே விட்டால் அந்த இடம் முண்டாக வீங்கி, கீழே உள்ளதைவிட மேலே தடித்த அடிமரம் உண்டாகும். அதைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். ஒவ்வொரு கொத்திலும் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வது தடித்தவை அல்ல, நடுத்தரத் தடிமனில், V வடிவில் விரியும் இரண்டு. அடுத்து, உச்சிப் பகுதியில் அடிமரத்தின் பாதித் தடிமனை எட்டிவிட்ட கிளைகள். இவை அங்கே இருக்கவே கூடாதவை. முழுவதும் எடுக்க வேண்டும், ஆனால் வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான். மிச்ச நீண்ட தளிர்களை முதல் சோடி இலை அல்லது இரண்டாம் சோடி இலை விட்டு வெட்டினால் போதும்.

தடித்த கிளையை எடுக்கும்போது முதல் வெட்டு அடிமரத்தோடு ஒட்டி வர வேண்டாம். கிளையின் அடியில் உள்ள முதல் கணுவுக்கு மேலே ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்கள். மேப்பிளுக்குள் கட்டை எதுவரை காய்ந்து வரும் என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும். அடுத்த வருடம் ஜூனில் அந்த மிச்சக் கட்டையைக் குழிவாய் வெட்டியால் அடிமரத்தோடு எடுத்து, நடுவில் சற்றே குழியாக்கி, விளிம்புப் பட்டையைக் கூர்மையான ஒட்டுக்கத்தியால் ஒரே வீச்சில் சீவிவிடுங்கள். நசுங்கிய பட்டையில் புதுத் திசு எழும்பாது. உடனே வெட்டுக்காயப் பசை பூசுங்கள். ஒரு செ.மீ.க்கு மேற்பட்ட காயத்துக்குக் களிபோல் உள்ள வகை நல்லது. முக்கியமாக விளிம்பு மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் திசு உருண்டு வருவது அங்கிருந்துதான். இரண்டு வருடம் கழித்துத் திசு வளராமல் நின்றுவிட்டால் விளிம்பை மறுபடி மெல்லியதாகச் சீவிப் பசை போட்டால் மீண்டும் நகரும்.

பெரியவர் கட்டிய பழைய கம்பி எங்காவது பட்டைக்குள் புதைந்திருக்கும், நன்றாகத் தேடுங்கள். அதைச் சுற்றிப் பிரிக்க முயலாதீர்கள், பட்டை கூடவே உரிந்து வரும். ஒவ்வொரு சுற்றாகக் கம்பிவெட்டியால் துண்டித்து, எளிதாக வருவதை எடுங்கள். மரம் முழுவதும் விழுங்கிய துண்டை அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

நவம்பரில் இலை உதிர்ந்ததும் இன்னொரு வாய்ப்பு வரும். உயிருள்ள கிளையை வெட்ட ஜூனுக்கு அடுத்த நல்ல நேரம் அதுதான், சாறு அடங்கியிருக்கும். இலையுதிர் மரத்தை எடைபோட வேண்டியதும் அப்போதுதான். தோக்கியோ உவேனோவில் கொக்குஃபு போன்சாய் கண்காட்சி பிப்ரவரியில் நடப்பதால் மேப்பிள்கள் அங்கே இலையே இல்லாமல்தான் நிற்கின்றன. குச்சிகளின் பின்னலில் ஒளிக்க ஒன்றும் இருக்காது. உங்கள் மரத்தையும் ஒரு வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்து, பழைய படத்தோடு அருகருகே வைத்துப் பாருங்கள். மேப்பிளுக்கு மொட்டுகள் எதிரெதிராக வருவதால், விட்டால் எல்லாக் கிளையும் ஏணிப்படிபோல் ஆகிவிடும். சோடியில் ஒன்றை, ஒரு கணுவில் இடது, அடுத்ததில் வலது என்று மாற்றி மாற்றி எடுத்தால் கிளை இயல்பாக நெளியும்.

வசந்தத்தில் தளிர் நுனியைக் கிள்ளும் முறையைப் பற்றி எங்கும் படிப்பீர்கள். முதல் சோடி இலை விரியும்போதே நடு மொட்டைச் சாமணத்தால் எடுப்பது அது. இலையும் இடைக்கணுவும் சிறுக்க அது சிறந்த வழி. ஆனால் அது முழு வடிவம் அடைந்த மரத்துக்கானது. வளர்ச்சியை அடக்கும் வேலையை, வளர வேண்டிய மரத்தில் செய்யக் கூடாது. மூன்றாம் வருடம்வரை மறந்துவிடுங்கள். கோடையில் எல்லா இலையையும் கத்தரிப்பதும் அப்படியே.

டிரைடன்ட் பக்கம் வருவோம். ஒன்றரை மீட்டர் ஓடிய கிளை என்றால் பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பலம் தொட்டியில் உள்ள வேரால் வந்ததல்ல, தரைக்குள் இறங்கிய வேரால் வந்தது. அதை அறுக்கும் நாளில் மரம் தன் நீர்வரத்தில் பெரும்பகுதியை இழக்கும். அதனால் இங்கே மேலும் கீழும் ஒரே நாளில் வெட்டுவது அவசியம். மேலே விட்டுவைத்தால் அத்தனை இலைக்கும் நீர் தர வேர் இருக்காது.

தொட்டியை உடைக்கும் முன் அதன் அடியில் முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஜப்பானின் தோக்கோநாமே ஊரில் செய்த தொட்டிகளில் குயவரின் முத்திரை இருக்கும். வெடித்திருந்தாலும் ஒட்டவைக்கத் தக்கதாக இருக்கலாம். மார்ச்சில் மொட்டு பருத்ததும் தொட்டிக்கு அடியில் ரம்பத்தை விட்டு வேரை அறுத்து மரத்தைப் பிரித்தெடுங்கள். மண்ணைத் தண்ணீர்ப் பீய்ச்சலில் முழுவதும் கழுவிவிடலாம், டிரைடன்ட் தாங்கும். பெருவிரல் தடிமனில் கீழ்நோக்கிப் போகும் வேர்களை எல்லாம் அடிமரத்தின் அடிப்பாகத்தோடு சேர்த்து அறுங்கள். பக்கவாட்டில் விரியும் வேர்களை அடிமரத்தின் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் விட்டு வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதில் மேலே உள்ளதை எடுங்கள். வேரின் வெட்டுவாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். பாதிக்கு மேல் வேர் போனாலும் அஞ்ச வேண்டாம், மயிர்வேர் கொஞ்சமாவது எல்லாப் பக்கமும் மிஞ்ச வேண்டும், அவ்வளவுதான்.

மேலே, நீண்ட கிளைகளை ஒன்று அல்லது இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். அடிமரத்தின் தொடர்ச்சியாக யார் வரப்போவது என்று முடிவு செய்து, அந்தச் சிறு கிளைக்கு மேலே அடிமரத்தைச் சாய்வாக அறுங்கள். இப்படி ஒவ்வொரு முறையும் மெல்லிய கிளைக்கு மாறி மாறிப் போவதால்தான் அடிமரம் மேலே செல்லச் செல்லக் குறுகி, நெளிந்து வரும். சீனாவின் குவாங்டாங் மாகாணத்து லிங்நான் போன்சாய் மரபினர் கம்பி அதிகம் கட்டாமல், வளரவிட்டு வெட்டி, மறுபடி வளரவிட்டு வெட்டி வடிவம் கொண்டுவருவது இந்த வழியில்தான். வேரும் அன்றே குறைவதால் சாறு சற்றுக் கசிந்தாலும் இந்த மரம் சமாளிக்கும். எல்லாக் காயத்துக்கும் பசை பூசுங்கள். மே மாதம் வெட்டுவாயைச் சுற்றி இருபது முப்பது மொட்டுகள் கொத்தாக வெடிக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் 2, 3 செ.மீ. ஆனதுமே இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். தாமதித்தால் அங்கேயும் முண்டு கட்டும். வெட்டிய வேரோடு இருக்கும் டிரைடன்டுக்கு உறைபனி ஆகவே ஆகாது. அதன் வேர் சதைப்பற்றானது, நீர் அதிகம், உறைந்தால் கூழாகிவிடும். ஏப்ரல் முடியும்வரை இரவு வெப்பம் பூச்சியத்துக்கு இறங்கும் என்றால் கொட்டகைக்குள் எடுங்கள்.

ஜப்பானிய மேப்பிளில் காய்ந்துபோன கீழ்க்கிளையின் இடம் வெறுமையாகத்தான் நிற்கும். அங்கே மொட்டு தானாக வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். மரம் தேறிய பிறகு, இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம், அதன் சொந்தக் கிளையாலேயே நிரப்பலாம். கீழே ஒரு நீண்ட தளிரை வளரவிட்டு, பிப்ரவரி கடைசியில், மொட்டு பருக்கும் முன், கிளை வேண்டிய இடத்தில் அடிமரத்தை ஊடுருவி, மொட்டு உரசாமல் நுழையும் அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். தளிரைப் பின்பக்கமிருந்து நுழைத்து, முன்பக்கம் ஒரு சோடி மொட்டு துளையை ஒட்டி நிற்குமாறு இழுத்து, இருபுறமும் பசையால் அடையுங்கள். தளிர் தடிக்கத் தடிக்கத் துளையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வரும் பக்கம், உள்ளே நுழையும் பக்கத்தைவிடத் தெளிவாகத் தடித்துவிட்டதென்றால் ஒட்டு பிடித்துவிட்டது. அதற்குப் பெரும்பாலும் இரண்டு கோடை ஆகும். அதன்பிறகே பின்பக்கத்தை அறுக்க வேண்டும். செந்தளிர் வகை என்பதால், நூல் கட்டிய பச்சைக் குச்சியை மட்டும் தவறியும் இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள்.

உரம்: ஆறு வாரம் கழிந்து இலை விறைத்ததும் தொடங்கி, செப்டம்பர்வரை, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை உருண்டை உரம் வையுங்கள். ஜப்பானில் வழக்கமாக வைக்கும் உருண்டையும் அடிப்படையில் கடுகினப் பிண்ணாக்குதான். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம். முடிந்தவரை மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள், ஜப்பானிய மேப்பிளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். மதிய வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்தால் சிவந்த இளம் இலை விளிம்பு கருகும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும். டிரைடன்டுக்கு முழு வெயில்.

வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இந்த மரங்களுக்குக் குளிர் உணவு மாதிரி அவசியம். 7 டிகிரிக்குக் கீழே பல வாரங்கள் உறங்கினால்தான் மொட்டு சரியாக விழிக்கும். ஹீட்டர் போட்ட அறையில் டிசம்பரிலேயே துளிர்த்து, வெளிச்சம் போதாமல் நீண்டு, ஒன்றிரண்டு குளிர்காலத்தில் வற்றிப்போகும். சென்னையில் இவை நிலைக்காததற்கும் முக்கியக் காரணம் இதுவே. சுவர் ஓரம், காற்று படாத மூலை, கடும் உறைபனி அறிவிப்பு வந்தால் சூடாக்காத கொட்டகை, இவ்வளவுதான் தேவை. கொட்டகைக்குள் இருக்கும்போதும் மண் முழுக்கக் காய விடாதீர்கள்.

ஜூன் முதல் வாரத்தில் ஜப்பானிய மேப்பிளின் உச்சியில் மூன்று, கீழ்க்கிளைகளில் மூன்று புதுத் தளிர்களின் நீளத்தை அளந்து, முகப்பிலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் எடுத்த படங்களோடு எழுதுங்கள். உச்சியில் உள்ள தடித்த கிளைகளில் எதை இந்த வருடம் எடுப்பது, எதை அடுத்த வருடத்துக்கு விடுவது என்று அப்போது கிளையைக் காட்டியே சொல்கிறேன்.